மைக் யார் சட்டையில் இருக்கு?

இன்னைக்கு எபிசோடு ஒரு சின்ன கேள்வியில ஆரம்பிக்குது. உங்க நண்பர்கள் கூட்டத்துல இருக்கும்போது நீங்க என்ன மொழி பேசுறீங்க?

ஒரு ஃபார்ம்ல கேட்டா "தமிழ், இங்கிலீஷ்"னு ரெண்டு கட்டத்துல டிக் போட்டுட்டுப் போயிடுவோம். சில பேர் தெலுங்கு, உருது, ஹிந்தின்னு இன்னொரு டிக் சேர்ப்பாங்க. ஆனா எந்த இடத்துல மொழி மாறுச்சு, யார் வந்து உட்கார்ந்ததும் பேச்சு வேற மாதிரி ஆச்சு, கிண்டலுக்கு எது, கோபத்துக்கு எது? இதெல்லாம் பேசுற நமக்கே தெரியாது. நமக்கே தெரியாத ஒண்ணை வெளியில இருந்து வர்ற ஒரு ஆராய்ச்சியாளர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இதுக்குப் பதில் தேடின அறுபது வருஷக் கதைதான் இன்னைக்கு. இது ஏதோ லைப்ரரிக்குள்ள நடந்த சண்டை கிடையாது. தப்பான முறையில அளந்ததால "இந்தக் குழந்தைகளுக்கு மொழியே வரலை"ன்னு பள்ளிக்கூடங்கள் முத்திரை குத்தியிருக்கு. அதனால எப்படி அளந்தாங்கங்கிறதுதான் இங்க முக்கியமான கேள்வி.

ஒரு பாக்கெட் சிப்ஸ்

1960-களின் அமெரிக்கா. நகரங்களில் வசிக்கும் ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் பள்ளியில் பின்தங்குவதற்கு அவர்களுடைய மொழிக் குறைபாடுதான் காரணம் என்று கல்வி உளவியலாளர்கள் பலர் எழுதிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் யாரும் ஒழுங்காகப் பேசுவதில்லை, அதனால் குழந்தைக்குச் சிந்திக்கவே மொழி இல்லை என்கிற அளவுக்குப் போனது அந்த வாதம்.

ஆதாரம்? நேர்காணல். ஒரு பையனைத் தனியா ஒரு அறைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. பெரியவர் ஒருத்தர் மேசை மேல ஒரு பொம்மையை வைப்பார். "இதைப் பத்தி உனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லு." பையன் ஒரு வார்த்தை சொல்லுவான். அப்புறம் நீளமா ஒரு மௌனம். இன்னொரு வார்த்தை. மதிப்பெண் தாளில் "பேச்சுத் திறன் குறைவு".

இங்கே வருகிறார் வில்லியம் லபோவ். மொழியியலுக்கு வருவதற்கு முன்னால் மை தயாரிக்கும் தொழிலில் கெமிஸ்டாக இருந்தவர். 1965 முதல் 1968 வரை நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் அவருடைய குழு ஆய்வு செய்தது. அதில் கிளாரன்ஸ் ராபின்ஸ் என்பவர் இருந்தார். கறுப்பினத்தவர், ஹார்லெம் தெருக்களை உள்ளிருந்து அறிந்தவர். அவர் லியான் என்று கட்டுரையில் குறிப்பிடப்படும் எட்டு வயதுப் பையனிடம் பேசிப் பார்த்தார். அதே கதைதான். "ம்ஹூம்", "இல்ல", "தெரியாது". கேள்வி கேட்பவர் அதே இனம், அதே ஊர். ஆனாலும் பையன் வாயைத் திறக்கவில்லை.

அதாவது, ஆளை மாத்தினா மட்டும் போதாது. பெரியவர் கேட்கிறார், சின்னப் பையன் பதில் சொல்லணும், என்ன சொன்னாலும் மாட்டிக்குவோம்! அந்தச் சூழ்நிலையேதான் பிரச்சினை.

அடுத்த முறை ராபின்ஸ் நாலு விஷயத்தை மாற்றினார். ஒரு பாக்கெட் உருளைக்கிழங்கு சிப்ஸ் வாங்கிக்கொண்டு போனார். லியானுடைய நெருங்கிய நண்பனையும் கூட உட்காரவைத்தார். தானும் தரையில் உட்கார்ந்தார். பெரியவர்கள் முன்னால் சொல்லக்கூடாத வார்த்தைகளை அவரே முதலில் சொன்னார். அவ்வளவுதான். இரண்டு பையன்களும் ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழுந்து, போட்டி போட்டுக்கொண்டு பேசினார்கள். மொழி இல்லாத குழந்தை என்று எழுதப்பட்டிருக்கக்கூடிய அதே லியான்!

லபோவ் இந்தச் சிக்கலுக்குப் பின்னாளில் ஒரு பேர் வெச்சார்: கவனிப்பவரின் முரண். யாரும் கவனிக்காதபோது மக்கள் எப்படிப் பேசுறாங்கன்னு நமக்குத் தெரியணும். ஆனா அதைத் தெரிஞ்சுக்க நாம கவனிச்சாகணும். கோட் எழுதுற நண்பர்களுக்கு இது நல்லாப் புரியும். டிபக்கர் போட்டு ஓட்டினா மட்டும் காணாமப் போற பக் இருக்கும், டிபக்கரை எடுத்ததும் திரும்ப வந்து நிக்கும். அதே தலைவலிதான், இங்க பக்குக்குப் பதிலா மனுஷங்க.

ஹார்லெமில் அந்தக் குழு இன்னொன்றும் செய்தது. ஒரு குழுவில் உள்ள எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் கழுத்துக்கும் தனி மைக், ஒவ்வொரு மைக்குக்கும் தனி டிராக். இன்னைக்கு நாம பாட்காஸ்ட்டுக்குப் பண்றது மாதிரியே. நண்பர்கள் ஒருத்தரை ஒருத்தர் கவனிக்க ஆரம்பிச்சா, டேப் ஓடுறதை மறந்துடுவாங்கங்கிற கணக்கு அது.

டேப்பைக் கேட்டதும் வந்த வெட்கம்

லபோவ் பார்த்தது ஒரே ஆங்கிலத்தின் வெவ்வேறு வகைகளை. இரண்டு மொழிவகைகளுக்கு நடுவில் மாறி மாறிப் பேசுவதைப் பதிவு செய்ய இன்னொரு முன்னாள் கெமிஸ்ட்ரி மாணவரிடம் போகணும். ஜான் கம்பர்ஸ். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வேதியியல் பட்டம் வாங்கி, பிறகு மொழியியலுக்கு வந்தவர். 1950-களில் உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் களப்பணி செய்தவர்.

1960-களில் அவர் நார்வே மானிடவியலாளர் யான்-பெட்டர் ப்லூமுடன் சேர்ந்து வடக்கு நார்வேயில் ஹெம்னஸ்பெர்கெட் என்ற சிற்றூருக்குப் போனார். மக்கள்தொகை சுமார் 1,300. வீட்டில் ரானா வட்டார வழக்கு, பள்ளியிலும் அலுவலகத்திலும் பூக்மோல் என்ற பொது நார்வேஜிய மொழி. அலுவலகத்துக்கு வருகிறவர் முதலில் குமாஸ்தாவிடம் ஊர் வழக்கில் வீட்டு நலம் விசாரிப்பார். வேலை விஷயம் ஆரம்பித்ததும் பேச்சு பொது மொழிக்கு மாறும். நம்ம ஊர் பேங்க் கவுன்ட்டர்ல இதைப் பார்க்காதவங்க யார்?

இருவரும் நேர்காணல் மேசையை விட்டுவிட்டு, நண்பர்களை ஒரு வீட்டில் கூட்டி, சாப்பிட ஏதாவது கொடுத்து, பேச்சு தானாக ஓடும்வரை காத்திருந்து பதிவு செய்தார்கள். ஊரிலேயே இருப்பவர்கள் தங்களுக்குள் பேசும்போது ஊர் வழக்கிலேயே நின்றார்கள். ஆனால் ஒரு குழு வேறு மாதிரி இருந்தது. அவர்கள் வெளியூர்ப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டு, விடுமுறைக்கு ஊருக்கு வந்த மாணவர்கள். தாங்களும் சுத்தமான ஊர் வழக்குதான் பேசுகிறோம் என்பது அவர்கள் நம்பிக்கை. டேப்பில் இருந்ததோ வேறு. பொது விவகாரங்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பொது மொழி உள்ளே நுழைந்துகொண்டே இருந்தது.

அவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டினார்கள். நம்பவே முடியவில்லை அவர்களுக்கு. சிலர் இனிமேல் அப்படிப் பேச மாட்டோம் என்று வாக்குக்கூடக் கொடுத்தார்கள். அடுத்த பதிவிலும் மறுபடி அதேதான்.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். காலேஜுக்கு வெளியூர் போய்ட்டு வர்ற ஒவ்வொருத்தருக்கும் இது நடக்குது. "உன் பேச்சே மாறிப்போச்சு"ன்னு வீட்டுல சொன்னா சண்டைக்குப் போவோம். டேப் நம்ம பக்கம் சாட்சி சொல்லாது. இதுல ஆராய்ச்சி முறைக்கு ஒரு பெரிய பாடம் இருக்கு: "நீங்க எப்படிப் பேசுறீங்க?"ன்னு கேட்டா கிடைக்கிறது, மக்கள் தங்களைப் பத்தி என்ன நினைக்கிறாங்கங்கிற தகவல். அது வேற டேட்டா, பேச்சு வேற டேட்டா.

இந்த ஆய்வு 1972-ல் வெளிவந்து, உலகம் முழுக்கப் பாடப்புத்தகமானது. பிறகு 1996-ல் பிரிட் மேலும் என்ற நார்வே மொழியியலாளர் ஒரு கேள்வி எழுப்பினார்: வட்டார வழக்கையும் பொது மொழியையும் இரண்டு தனித்தனிப் பெட்டிகளாக முதலிலேயே பிரித்துவைத்தது சரியா? உண்மையில் அங்கே அவ்வளவு தெளிவான கோடு இருந்ததா? அந்தப் பெட்டிப் பிரச்சினைக்குக் கொஞ்ச நேரத்துல திரும்ப வருவோம்.

102-வது தெரு

அடுத்த இடம் மறுபடியும் நியூயார்க். கிழக்கு ஹார்லெமில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள் வாழும் 102-வது தெரு. ஸ்பானிஷும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் ஓடும் பேச்சு. வெளியில் இருப்பவர்கள் அதை "ரெண்டு மொழியும் சரியா வராதவங்க பேசுறது" என்று ஒதுக்கினார்கள்.

அந்தத் தெருவில் பேச்சைப் பதிவு செய்தவர் பெட்ரோ பெட்ராசா. அந்தச் சமூகத்திலேயே ஒருவர். பேசுகிறவர்களுக்கு முன்னால் அவர் விருந்தாளி இல்லை, பக்கத்து ஆள். ஷானா பாப்லாக் அந்தப் பதிவுகளை எடுத்து எண்ண ஆரம்பித்தார். 20 பேர், 66 மணி நேரப் பேச்சு, 1,835 மொழி மாற்றங்கள். ஒவ்வொன்றையும் வகைப்படுத்தினார். வாக்கியத்தின் ஓரத்தில் "யு நோ" மாதிரி ஒட்டிக்கொள்வது ஒரு வகை. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது வேறு மொழியில் தொடங்குவது இன்னொரு வகை. வாக்கியத்தின் நடுவிலேயே மாறுவது மூன்றாவது.

1980-ல் வெளிவந்த முடிவு, ஒதுக்கினவங்க எல்லாருக்கும் எதிரா இருந்தது. வாக்கியத்துக்கு நடுவுல அதிகமா மாறினவங்க, ரெண்டு மொழியும் நல்லாத் தெரிஞ்சவங்க. அரைகுறையாத் தெரிஞ்சவங்க ஓரத்துல ஒட்டுறதோட நிறுத்திக்கிட்டாங்க. இலக்கணப் பிழைன்னு சொல்லக்கூடிய மாற்றங்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. ரெண்டு மொழியோட வாக்கிய அமைப்பும் பொருந்துற இடமாப் பார்த்துதான் மாறியிருந்தாங்க.

யோசிச்சுப் பாருங்க. பெட்ராசாவுக்குப் பதில் டை கட்டின ஒருத்தர் ஃபைலோட போயிருந்தா, அந்தத் தெரு அவர்கிட்ட தன் சுத்தமான ஸ்பானிஷையோ சுத்தமான ஆங்கிலத்தையோதான் காட்டியிருக்கும். அந்த 1,835-ல பெரும்பகுதி டேப்புக்கு வந்தே இருக்காது.

மைக் பையன் கைக்குப் போனது

இதுவரை ரெக்கார்டர் பெரியவர்கள் கையில்தான் இருந்தது. 1980-களில் இங்கிலாந்தில் பென் ராம்ப்டன் அதை மாற்றினார். தெற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒரு நகரம். அவர் அதற்கு ஆஷ்மீட் என்று புனைபெயர் வைத்தார். ஒரே தெருவில் இந்திய, பாகிஸ்தானிய, கரீபிய, ஆங்கிலேயக் குடும்பங்கள். 1984-ல் 11 முதல் 13 வயதுள்ள 23 பேர், 1987-ல் 14 முதல் 16 வயதுள்ள சுமார் 64 பேர்.

அவர் ரேடியோ மைக்கைப் பிள்ளைகள் சட்டையில் மாட்டிவிட்டார். மைதானம், கேன்டீன், இளைஞர் மன்றம் என்று பிள்ளைகள் எங்கே போனாலும் மைக்கும் கூடவே போனது. கூடவே பழகி நேரில் கவனித்தார், நேர்காணலும் எடுத்தார். அப்புறம் முக்கியமான ஒரு வேலை: பதிவைப் பிள்ளைகளுக்கே போட்டுக்காட்டி, "இங்க என்ன நடந்துச்சு? ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டார்.

கிடைத்தது யாரும் எதிர்பார்க்காத ஒன்று. பஞ்சாபி வீட்டுப் பிள்ளைகள் பஞ்சாபி பேசுவதில் ஆச்சரியம் இல்லை. வெள்ளைக்காரப் பையன்களும் கரீபியப் பையன்களும் விளையாட்டில் பஞ்சாபி வார்த்தைகளை எடுத்துவிட்டார்கள். ஆசியப் பிள்ளைகள் கரீபியன் கிரியோலில் சவால் விட்டார்கள். இங்கிலாந்தில் வளர்ந்து, உள்ளூர்க்காரர்கள் மாதிரியே ஆங்கிலம் பேசும் ஆசியப் பிள்ளைகள், அதிகாரம் காட்டும் பெரியவர்களிடம் வேண்டுமென்றே பழைய "இந்தியன் இங்கிலீஷ்" உச்சரிப்பில் பேசி விளையாடினார்கள். "நாங்க இப்படித்தான் பேசுவோம்னு நீங்க நினைக்கிறீங்க இல்ல? இந்தாங்க!" என்கிற மாதிரி. தனக்குச் சொந்தமில்லாத மொழிக்குள் இப்படி எட்டிப் பார்ப்பதற்கு ராம்ப்டன் கிராஸிங் என்று பெயர் வைத்தார். 1995-ல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பும் அதுதான். பஞ்சாபிக்குச் சுமார் 68 சம்பவங்கள், நாடக பாணி இந்திய ஆங்கிலத்துக்குச் சுமார் 160, கிரியோல் சாயலுக்கு 250-க்கும் மேல். இவ்வளவும் அந்தச் சட்டை மைக் மாதிரியான வழிகளில் வந்தவை.

இப்ப அந்த ஃபார்ம் டிக்கை நினைச்சுப் பாருங்க. ஒரு வெள்ளைக்காரப் பையன்கிட்ட "உனக்குத் தெரிந்த மொழிகள்?"னு கேட்டா "ஆங்கிலம்"னு ஒரு டிக் போடுவான். பஞ்சாபி எந்தக் கட்டத்துலயும் வராது.

இன்னொண்ணு. டேப்பை மட்டும் கேட்டா, ஒருத்தன் இன்னொருத்தன் உச்சரிப்பைக் காட்டிப் பேசுறது நட்பா, கேலியா, இனவெறியான்னு தெரியாது. அதே வார்த்தை மூணாகவும் இருக்கலாம். பேசினவங்ககிட்டயே திரும்பப் போய்க் கேட்டாத்தான் விளங்கும். நம்ம ஆபீஸ்ல ஒருத்தரோட கோயம்புத்தூர் இழுவையையோ நாகர்கோவில் இழுவையையோ இன்னொருத்தர் பேசிக் காட்டுறதும் இதே கணக்குதான். சிரிப்புச் சத்தம் டேப்ல பதிவாகும். அந்த ஆள் உண்மையிலேயே சிரிச்சாரா, வேற வழியில்லாம சிரிச்சாரான்னு அவர்தான் சொல்லணும்.

ஒன்பது வகுப்புகள்

ஒரு நாள் பதிவு ஒரு நாளைத்தான் காட்டும். குழந்தை வளர வளர என்ன ஆகிறது? டென்மார்க்கின் கோகே நகரத்தில் நோர்மன் யோர்கன்சன் குழு 1989-ல் இதைத் தொடங்கியது. துருக்கியக் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகளை முதல் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்புவரை ஒவ்வொரு வருடமும் பதிவு செய்தார்கள். நண்பர்கள் நாலு பேருக்குக் கத்தரிக்கோல், பசை, படங்கள். "சேர்ந்து ஒட்டி ஏதாவது செய்யுங்க." கேள்வி-பதில் கிடையாது. கை வேலையில் இருக்கும்போது வாய் தானாக ஓடும்.

அந்தக் காலத்தில் ஸ்காண்டிநேவியாவில் "அரைமொழிக்காரர்கள்" என்று ஒரு சொல் புழங்கியது. 1968-ல் ஸ்வீடனில் வந்த ஒரு புத்தகத்தின் தலைப்பிலேயே அது இருந்தது. சிறுபான்மைக் குழந்தைகளுக்கு இரண்டு மொழியும் பாதிப் பாதிதான் என்ற பேச்சு. கோகே டேப்புகளில் கேட்டது வேறு. ஆரம்ப வகுப்புகளில் பேச்சு பெரும்பாலும் துருக்கிய மொழியில். வருடம் போகப் போக டேனிஷ் கூடியது, கூடவே இரண்டையும் கலக்கும் லாவகமும் கூடியது. மேல் வகுப்புகளில் ஒரு சண்டையில் யார் ஜெயிப்பது என்பதற்கே மொழி மாற்றம் ஆயுதமானது. ஆங்கிலத் துணுக்குகளும் உள்ளே வந்தன.

"இவன் எத்தனை மொழி பேசுறான்"னு எண்ணுறதே பொருந்தலைங்கிற இடத்துக்கு யோர்கன்சன் கடைசியில வந்தார். கையில கிடைக்கிற எல்லா மொழிக்கூறுகளையும் எடுத்துப் பேசுறான், அவ்வளவுதான்.

"பஸ்ல" எந்த மொழி?

இப்ப அந்தப் பெட்டிப் பிரச்சினை. டேப் இருக்கு, எழுதியும் எடுத்தாச்சு. ஒவ்வொரு வார்த்தைக்கும் மொழி லேபிள் போடணும். "நாளைக்கு பஸ்ல வர்றேன்." பஸ் ஆங்கிலம்னா, "ல"? இது மொழி மாற்றமா, கடன் வாங்கின சொல்லா?

இந்தக் கேள்விக்குத் தமிழிலேயே ஒரு ஆய்வு இருக்கிறது. 1990-ல் டேவிட் சான்காஃப், ஷானா பாப்லாக், சுவாதி வன்னியராஜன் மூவரும் எழுதியது. சான்காஃப் கணிதக்காரர். பயோஇன்ஃபர்மேடிக்ஸ் படித்தவர்களுக்கு அவர் பேரில் உள்ள அல்காரிதம் தெரிந்திருக்கும். தமிழ்ப் பேச்சில் தனியாக வந்து விழும் ஆங்கிலப் பெயர்ச்சொற்களை எடுத்து, அவை வேற்றுமை உருபை எப்படி ஏற்கின்றன என்று பார்த்தார்கள். தமிழ்ப் பெயர்ச்சொல் எந்த இடத்தில் எந்த உருபை ஏற்குமோ, அதே மாதிரி இந்த ஆங்கிலச் சொற்களும் ஏற்றன. அகராதியில் இடம் பிடிக்காத, ஒரே ஒரு தடவை சொல்லப்பட்ட சொல்லாக இருந்தாலும் சரி. அந்த நொடியில் அது தமிழ் இலக்கணத்துக்குள் வேலை செய்கிறது. அகராதியை மட்டும் வைத்து எண்ணுகிறவர் அதை ஆங்கிலம் என்று எழுதுவார். இலக்கணத்தை வைத்து எண்ணுகிறவர் தமிழ் என்று எழுதுவார். ஒரே டேப், ரெண்டு ரிசல்ட்.

இது ஏன் இன்னைக்கு முக்கியம்? மொழி மாடல்களைப் பழக்குற தரவுகள்ல இந்த லேபிள்கள்தான் உள்ளே போகுது. 2020-ல் தமிழ்-ஆங்கிலக் கலப்புப் பேச்சுக்கு 15,744 யூடியூப் கமென்ட்டுகள் கொண்ட ஒரு தொகுப்பு வெளிவந்தது. ரொம்பப் பயனுள்ள வேலை, நானே அந்த மாதிரித் தரவுகளைக் கிளறிப் பார்க்கிற ஆள்தான். ஆனா கமென்ட் என்பது பேர் தெரியாத கூட்டத்துக்கு முன்னால எழுதுறது. மொட்டை மாடியில நாலு பேர் பேசுறது வேற. கமென்ட் எழுதினவரைத் தேடிப் போய் "இது கிண்டலா, பாராட்டா?"ன்னு கேட்கவும் முடியாது. ராம்ப்டன் போட்டுக்காட்டிக் கேட்டதுக்கு அங்க இடமே இல்ல. டேட்டா பல மடங்கு பெருசாச்சு, பேசினவர் அறைக்கு வெளியில போயிட்டார்.

இந்த அறுபது வருஷத்தை நான் இப்படித்தான் படிக்கிறேன். ராபின்ஸ் நாற்காலியை விட்டுத் தரையில உட்கார்ந்தார். 102-வது தெருவுல பதிவு வேலையைப் பக்கத்து ஆளே செய்தார். ஆஷ்மீட்ல மைக் பையன் சட்டைக்குப் போச்சு, அர்த்தம் சொல்ற உரிமையும் அவனுக்குப் போச்சு. ஒவ்வொரு தடவையும் ஆராய்ச்சியாளர் தன் அதிகாரத்துல கொஞ்சம் விட்டுக்கொடுத்தப்போ, குறைபாடுன்னு எழுதப்பட்ட இடத்துல ஒரு திறமை தெரிஞ்சது.

கேட்கிறவங்கள்ல கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு இந்த மாதிரி பதிவு செய்யப் போறவங்க இருப்பீங்க. மூணே மூணு விஷயம். எல்லாரோட சம்மதத்தையும் முன்னாடியே வாங்குங்க, மறைச்சு வெச்சு ரெக்கார்ட் பண்ண வேண்டாம். ஆஃப் பட்டன் பேசுறவங்க கையில இருக்கட்டும். முடிஞ்சதும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்க, வேணாம்னு அவங்க சொல்ற பகுதியை அழிச்சுடுங்க. அப்படிப் பண்ணிப் பார்த்தவங்க, உங்க கூட்டத்துல எந்த இடத்துல மொழி மாறுதுன்னு எனக்கு மெயில் போடுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.